ஓட்டிப் பார்த்து வாங்கலாம்

சைக்கிள் சீட்டில் ஏறி உட்கார்ந்தால் கால் தரைக்கு எட்டவில்லை. கால் தரையில் பட்டால் சீட்டில் உட்கார முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு, மேலாளர் வீட்டு வாசலில், இந்த இரண்டுக்கும் நடுவே ஷேடு தவித்துக்கொண்டிருந்தார்.

"சீட்டு உயரமா இருக்கோ?" என்றார் மேலாளர்.

"இல்ல சார், கச்சிதமா இருக்கு" என்றார் ஷேடு, கட்டைவிரல் நுனியில் நின்றபடி.

மேலாளர் ஆறடி. ஷேடு ஐந்தடி மூன்று அங்குலம், அதுவும் செருப்பைச் சேர்த்து. போதாக்குறைக்கு மைத்துனரிடம் இரவல் வாங்கிய அரைக்கால் சட்டை வேறு இடுப்பில் நிற்க மாட்டேன் என்று அடம்பிடித்தது. ஐம்பத்தோரு வயதில் மனிதருக்கு இது தேவையா என்று கேட்டால், தேவைதான். வேலை வேண்டுமென்றால் தேவைதான்.

பெயிண்ட் கம்பெனியில் நிறம் பார்க்கிற வேலை அவருக்கு. இருபத்திரண்டு வருஷமாக அதே அறை, அதே மேஜை, அதே ஸ்டூல். வாடிக்கையாளர் சுவரிலிருந்து பெயர்த்த ஒரு காரையைக் கொண்டுவந்து நீட்டுவார். ஷேடு அதை ஜன்னலோரம் பிடித்துப் பார்த்துவிட்டு, "மஞ்சள் நாலு சொட்டு, கறுப்பு ஒண்ணு, சிவப்பு அரை" என்பார். அப்படியே பொருந்தும். 'ஷேடு' என்ற பெயர் அப்படி வந்து ஒட்டியதுதான். சம்பளப் பட்டியலைத் தவிர வேறெங்கும் அவருடைய சொந்தப் பெயரை யாரும் பார்த்ததில்லை.

போன வருஷம் கைக்கு அடக்கமாக ஒரு மெஷின் வந்து சேர்ந்தது. காரையின் மேல் வைத்து அழுத்தினால் அதுவே சொட்டுக் கணக்கைச் சொல்லிவிடும். அது லீவு கேட்காது, டீ குடிக்காது, மூட்டு வலிக்கிறது என்று முனகாது. மேலிடம் அதைப் பார்த்துப் பார்த்துப் பூரித்துப்போய்விட்டது. மூன்று வாரத்துக்கு முன்னால் ஆறு பேரைக் குறையுங்கள் என்று மேலாளருக்குக் கடிதம் போட்டுவிட்டார்கள். யார் யாரை என்பது மேலாளர் பாடு.

வெள்ளிக்கிழமை ஐந்து பேரைத் தனித்தனியாகக் கூப்பிட்டுக் கடிதம் கொடுத்தார். ஆறாவது பெயர் திங்கட்கிழமை தெரியும் என்றார்கள். அந்த அறிவிப்பு தகவல் பலகையில் தொங்கியது. அதற்குச் சரியாக நான்கு விரல் கீழே, மேலாளரின் கையெழுத்திலேயே இன்னொரு காகிதம்.

'விற்பனைக்கு: மலைச் சைக்கிள், ஒன்று. நல்ல நிலை. ஓட்டிப் பார்த்து வாங்கலாம். ஊழியர்களுக்கு மட்டும்.'

மொத்தக் கம்பெனியும் இரண்டையும் ஒரே காகிதமாகத்தான் படித்தது. ஆறாவது ஆளைத் தேடிக்கொண்டிருக்கிறவர் சைக்கிள் விற்கிறார் என்றால், அதை ஓட்டிப் பார்க்க யாருக்குத்தான் ஆசை வராது? சைக்கிள் என்றாலே எட்ட நிற்கிறவர்கள்கூட அந்தக் காகிதத்தின் முன்னால் நின்று "அருமையான வண்டிப்பா" என்று சத்தமாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். ஆனால் விலையைக் கேட்டதும் ஒவ்வொருவராக நழுவிவிட்டார்கள். மிஞ்சியது இரண்டு பேர். டிரம்மில் பெயிண்ட் நிரப்பும் பேரல் ஒருவர், ஷேடு ஒருவர். பேரலும் உருவத்தால் அந்தப் பெயரைச் சம்பாதித்தவர்தான்.

பேரல் சனிக்கிழமையே போய்விட்டு வந்துவிட்டார். சாயங்காலம் ஷேடு வீட்டு வாசலில் நின்று முழுக் கதையும் சொன்னார்.

"ஓட்டினேன்யா. நல்ல வண்டிதான். ஆனா உண்மையைச் சொல்லிட்டேன். சார், மூணு பசங்க, வயசான அப்பா, என் நிலைமைக்கு இதெல்லாம் கட்டுப்படி ஆகாதுன்னுட்டேன். சொல்லும்போது கண்ணுல தண்ணி வந்துடுச்சு."

"அவர் என்ன சொன்னார்?"

"தோள்ல தட்டிக் கொடுத்தார். பரவாயில்ல, போங்கன்னார்."

பேரல் போனதும் ஷேடுவின் மனைவி கதவைச் சாத்திவிட்டுத் திரும்பினாள்.

"முடிஞ்சுது. பாவம், அவர்தான் ஆறாவது."

"எப்படிச் சொல்ற?"

"பஞ்சப்பாட்டுப் பாடுறவங்களை யாருங்க பக்கத்துல வச்சுக்குவாங்க? பரவாயில்ல போங்கன்னா என்ன அர்த்தம்? வேலையை விட்டே போங்கன்னு அர்த்தம். நீங்களும் நாளைக்கு அங்க போய் மூக்கால அழாதீங்க. நாலு காசு உள்ள மனுஷன் மாதிரி நிமிர்ந்து நில்லுங்க. ஓட்டிப் பாருங்க. ஆஹா ஓஹோன்னு புகழுங்க. யோசிச்சுச் சொல்றேன்னு திங்கட்கிழமை தாண்டுற வரைக்கும் இழுத்தடிங்க. வாங்கிட்டு மட்டும் வந்து நிக்காதீங்க."

"அவ்வளவுதானே?"

"அவ்வளவுதான். கணக்குல இருக்கிறது பொண்ணோட ஹாஸ்டல் பணம். புதன்கிழமை கட்டலைன்னா பெட்டியைத் தூக்கி வெளிய வச்சிடுவாங்க. ஞாபகம் இருக்கட்டும்."

வேலை போனால் அந்தப் பெட்டி அடுத்த முறை எப்படியும் வெளியே வந்துவிடும் என்பது இருவருக்கும் தெரியும். அதைச் சொல்லவில்லை. இருபத்திரண்டு வருஷமாக நிறத்தை மட்டுமே பார்த்த கண்ணை வைத்துக்கொண்டு வேறு எந்தக் கம்பெனி வாசலில் போய் நிற்பது என்று ஷேடுவுக்குத் தெரியவில்லை.

ஆகவே இப்போது கட்டைவிரல் நுனியில் நின்றுகொண்டிருக்கிறார்.

மேலாளர் வண்டியைப் பிடித்துக்கொண்டு எதையோ யோசித்தார். ஒரு வாரமாகத் தூங்காத முகம். கண்ணைச் சுற்றி வந்திருந்த நிழலுக்கு ஷேடு மனசுக்குள் கறுப்பு இரண்டு, நீலம் ஒன்று என்று குறித்துக்கொண்டார். தொழில் புத்தி.

"உங்களுக்குச் சொந்த வீடுதானே?" என்றார் மேலாளர்.

ஷேடு இருப்பது வாடகை வீடு. மாடியில் வீட்டுக்காரர் நாற்காலியை இழுக்கிற சத்தத்தில்தான் தினமும் கண் விழிக்கிறார். ஆனால் மனைவியின் குரல் காதில் கேட்டது.

"ஆமா சார். மேல ஒரு மாடி எடுக்கலாமான்னு பார்த்துக்கிட்டிருக்கேன்."

"நல்லது. பொண்ணு படிச்சுக்கிட்டிருக்கா, இல்ல?"

"முடிஞ்ச மாதிரிதான் சார். வேலைகூடத் தயாரா இருக்கு." இன்னும் முழுசாக இரண்டு வருஷம் பாக்கி இருந்தது.

"வீட்டுல உடம்பு கிடம்பு எல்லாருக்கும் நல்லாத்தானே இருக்கு?"

"ஒரு குறையும் இல்ல சார். எல்லாம் நிறைவா இருக்கு."

மேலாளர் "ம்" என்றார். அந்த 'ம்'மில் மரியாதை இருந்ததாக ஷேடுவுக்குப் பட்டது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். நிமிர்த்தியதில் அரைக்கால் சட்டை ஒரு அங்குலம் இறங்கியது.

பிறகு மேலாளர் வண்டியைப் பற்றி விளக்கினார். முன்னால் மூன்று பல்சக்கரம், பின்னால் ஒன்பது. இடது கை முன்னால் இருப்பதற்கு, வலது கை பின்னால் இருப்பதற்கு. ஏற்றத்தில் இப்படி, இறக்கத்தில் அப்படி. முன் பிரேக்கை மட்டும் தனியாகப் பிடித்துவிடக் கூடாது. டாக்டர் முன்னால் உட்கார்ந்திருப்பவரைப் போல ஷேடு எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். கடைசியாகக் காதில் விழுந்ததில் 'பிடித்து' மட்டும் மனதில் தங்கியது.

"கீழ ஏரி வரைக்கும் போங்க. திரும்பும்போது மண் பாதையில ஏறி வாங்க. அரை மணி நேரம் ஆகும். அவசரமே இல்ல. பிடிக்கலைன்னா கூச்சப்படாம சொல்லிடுங்க. சரியா?"

"பிடிக்காம எப்படி சார் போகும்?"

தெருமுனை திரும்பியதும் ஷேடு குதித்து இறங்கி, சீட்டுக்குக் கீழே அதை இறுக்கிப் பிடித்திருந்த சின்ன நெம்பைத் திறந்து சீட்டை இறக்கினார். இப்போது கால் எட்டியது. முப்பது வருஷத்துக்குப் பிறகு சைக்கிள் ஏறிய மனிதர், நெம்பைத் திரும்ப இறுக்கி மூட வேண்டும் என்பதை எங்கே கண்டார்?

இறக்கம் ஆரம்பித்தது. முதல் நூறு அடி நன்றாகவே போனது. காற்று முகத்தில் அடித்தது. பரவாயில்லையே, நமக்கும் வருகிறதே என்று ஒரு கணம் மகிழ்ந்துகூடப் போனார். பிறகுதான் உலகம் மெல்ல உயர்வதைப் போலத் தோன்றியது. உலகம் உயரவில்லை, அவர்தான் சீட்டோடு சேர்ந்து கீழே போய்க்கொண்டிருந்தார். முட்டி மார்புக்கு வந்தது, பிறகு தாடைக்கு வந்தது. பதற்றத்தில் இரண்டு கைக்கும் கிடைத்த எல்லாவற்றையும் அழுத்தினார். முன்னால் ஒரு சங்கிலிச் சத்தம், பின்னால் ஒரு சங்கிலிச் சத்தம், அதற்கப்புறம் பெடல் எதிர்ப்பே இல்லாமல் காற்றில் சுற்ற ஆரம்பித்தது. வண்டி மட்டும் வேகம் குறையவில்லை.

'பிடித்து' என்று மேலாளர் ஏதோ சொன்னாரே என்று நினைவு வந்தது. பிடித்தார், முன் பிரேக்கை, தனியாக, பலமாக.

ஷேடு ஹேண்டில்பாரின் மேலாகப் போய் முள்செடிக்குள் விழுந்தார். வண்டி அவரைத் தாண்டிப் போய் ஒரு கல்லில் உரசிக்கொண்டு படுத்தது.

நாயோடு நடை பயின்றுகொண்டிருந்த ஒரு பெண் ஓடி வந்தாள்.

"ஐயோ, பலமா அடிபட்டுச்சா?"

"பெயிண்ட் போயிடுச்சுங்க" என்றார் ஷேடு.

அவருடைய முட்டியில் ரத்தம் வந்துகொண்டிருந்தது. அதை அவர் பார்க்கவே இல்லை. சைக்கிளின் மேல் குழாயில் உள்ளங்கை நீளத்துக்குப் பச்சை பெயர்ந்து வெள்ளை வெளேரென்று உலோகம் தெரிந்தது. ஆழமான, அமைதியான பச்சை அது. அவருடைய தொழிலில் பார்த்த பச்சைகளிலேயே நல்ல பச்சை என்று ஏறும்போதே நினைத்திருந்தார். இதை எப்படிப் போய்க் காட்டுவது? வேலையைக் காப்பாற்ற வந்தவன் வண்டியைக் கீறிக்கொண்டு போய் நின்றால் அந்த ஆறாவது காகிதத்தில் பேரை எழுத மேலாளருக்கு வேறு காரணம் வேண்டுமா?

சங்கிலியைக் கையாலேயே மாட்டினார். இரண்டு கையும் கறுப்பாகிவிட்டது. சீட்டைத் தூக்கி, நெம்பை மூடி, நிமிர்ந்து பார்த்தபோது ஏரிக்கு அந்தப் பக்கம் கம்பெனியின் புகைபோக்கி தெரிந்தது.

அந்த நொடியில் ஷேடுவுக்குத் தன் புத்திசாலித்தனத்தின் மேல் தனக்கே மரியாதை வந்துவிட்டது. உலகத்தில் யார் வேண்டுமானாலும் கீறலுக்குப் பயப்படலாம், தான் ஏன் பயப்பட வேண்டும்?

கம்பெனி வாசலில் காவலாளி மட்டும் இருந்தார்.

"என்ன சார், ஞாயித்துக்கிழமையில?"

"அவசர ஆர்டர்."

காவலாளி வண்டியைப் பார்த்தார், முட்டியைப் பார்த்தார், அரைக்கால் சட்டையைப் பார்த்தார். "ஆர்டர் கொடுத்தவர் உயிரோட இருக்காரா சார்?"

"கதவைத் திறப்பா."

நிற அறையில் ஜன்னலைத் திறக்காமலே விளக்கைப் போட்டார். மேஜை மேல் அந்த மெஷின் உட்கார்ந்திருந்தது. அதை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அதன் மேல் ஒரு துணியைப் போட்டு மூடினார். பிறகு கலவை டப்பாவை எடுத்தார். பச்சை அடிப்படை, மஞ்சள் மூன்று, நீலம் இரண்டு. குச்சியால் கலக்கினார். குழாயின் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். கறுப்பு ஒன்று, இன்னும் அரை.

அந்தக் கால் மணி நேரம் அவருக்கு ஆறாவது பெயர் மறந்துபோனது, திங்கட்கிழமை மறந்துபோனது, முட்டி வலிகூட மறந்துபோனது. அவருக்கு இந்த வேலை அவ்வளவு பிடிக்கும். இதை யாரிடமும் சொன்னதில்லை, சம்பளத்துக்குத்தான் வருகிறேன் என்றுதான் எல்லோரிடமும் சொல்வார். இந்த ஸ்டூலிலிருந்து எழுப்பிவிட்டால் எங்கே போய் உட்காருவோம் என்று நினைத்தபடியே தூரிகையை டப்பா விளிம்பில் வழித்தார். பூசினார். கீறல் இருந்த இடமே தெரியவில்லை. மெஷினால் இது முடியுமா?

வண்டியை வெளியே உருட்டிக்கொண்டு வந்தார்.

வெயிலில் அந்த இடம் நீலமாக இருந்தது. கொஞ்சம்கூட மறைவில்லாத நீலம். பச்சைக் குழாயில் ஒரு பல்லி ஒட்டிக்கொண்டிருப்பதைப் போல இருந்தது.

ட்யூப்லைட் வெளிச்சத்தில் ஒன்றாகத் தெரிகிற இரண்டு நிறம் வெயிலில் வேறாகத் தெரியும். புதிதாக வேலைக்கு வருகிற ஒவ்வொருவருக்கும் முதல் நாள் முதல் பாடமாக ஷேடு சொல்லித் தருவது இதைத்தான். வெளியே கொண்டுபோய்ப் பார்க்காமல் எதையும் பூசாதே. இருபத்திரண்டு வருஷமாக நாற்பது பேருக்காவது சொல்லியிருப்பார். இன்றைக்குத் தனக்குச் சொல்லிக்கொள்ள மறந்துவிட்டார்.

"சார், இந்த இடம் மட்டும் வேற கலரா இருக்கே" என்றார் காவலாளி, உதவி செய்கிற நோக்கத்தோடு.

"தெரியுது."

தின்னரைத் துணியில் நனைத்துத் துடைத்தார். நீலம் போனது. கூடவே பக்கத்தில் இருந்த பழைய பச்சையும் இளகிக் கரைந்துகொண்டு வந்தது. அதைச் சமன்செய்ய இன்னும் கொஞ்சம் துடைத்தார். உள்ளங்கை நீளத்துக்கு இருந்த கீறல் முழங்கை நீளத்துக்கு வளர்ந்தது. மறுபடி கலக்கி, இந்த முறை ஒவ்வொரு சொட்டுக்கும் வாசலுக்கு ஓடி ஓடி வெயிலில் பார்த்து, குழாயில் பாதியைப் புதிதாகப் பூசி முடித்தபோது பத்து மணி ஆகியிருந்தது. நிறம் என்னவோ அச்சு அசலாகப் பொருந்திவிட்டது. ஆனால் காயவில்லை. அந்தப் பெயிண்ட் காய நாலு மணி நேரம் ஆகும் என்று டப்பாவிலேயே எழுதியிருந்தது, அதை எழுதச் சொன்னதும் அவர்தான்.

போன் அடித்தது. மேலாளர்.

"எங்க இருக்கீங்க? ரெண்டு மணி நேரம் ஆச்சே. ஒண்ணும் ஆகலையே?"

"ஒண்ணும் இல்ல சார். இறங்க மனசே வரல. அப்படியே ஓட்டிக்கிட்டே இருக்கேன்."

"அவ்வளவு பிடிச்சுப்போச்சா?" என்றார் மேலாளர், என்னவோ போன்ற ஒரு குரலில்.

"உயிரே வச்சுட்டேன் சார்."

மண் பாதை முழுக்க வண்டியைத் தள்ளிக்கொண்டே ஏறினார். குழாயில் கை படாமல், கால் படாமல், தூசி படாமல், ஒரு கைக்குழந்தையைக் கொண்டுபோவதைப் போலக் கொண்டுபோனார். மேலாளர் வீட்டு வாசல் தெரிந்ததும்தான் யோசனை வந்தது. உயிரையே வைத்தவன் வண்டியைத் தள்ளிக்கொண்டா போவது? கடைசி இருபது அடிக்கு மட்டும் ஏறி உட்கார்ந்து மிதித்தார். இடது தொடை குழாயில் நன்றாக, நீளமாக, நிதானமாக உரசியது.

மேலாளர் படியிலிருந்து எழுந்து வந்தார். ஷேடுவை மேலிருந்து கீழ் வரை பார்த்தார். கை கறுப்பு, முட்டி சிவப்பு, தொடை பச்சை.

"விழுந்துட்டீங்களா?"

"இல்ல சார். இறங்கும்போது கொஞ்சம் வேகமா இறங்கிட்டேன்."

மேலாளர் குனிந்து குழாயை ஒரு விரலால் தடவினார். விரல் பச்சையாகத் திரும்பி வந்தது. அந்த விரலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

ஷேடு பச்சைத் தொடையைக் கையால் மறைத்துக்கொண்டார். ஏதாவது சொல்லியாக வேண்டும். கீறினேன் என்று சொல்ல முடியாது.

"அது வந்து சார், எப்படியும் நம்ம வண்டியாகப் போகுதே, ஒரு டச்சப் பண்ணி வச்சுக்குவோம்னு..."

"நம்ம வண்டியா? அப்போ வாங்குறதாவே முடிவு பண்ணிட்டீங்களா?"

யோசித்துச் சொல்கிறேன் என்கிற வாக்கியத்தை மனைவி மூன்று முறை சொல்லவைத்து அனுப்பியிருந்தாள். அது தொண்டை வரை வந்தது. ஆனால் அந்தப் பச்சை விரல் இன்னும் காற்றில் நீட்டியபடியே இருந்தது.

"ஆமா சார். வாங்கிக்கிறேன்."

மேலாளர் தொப்பென்று படியில் உட்கார்ந்தார்.

"நல்லா யோசிச்சுக்கோங்க. கட்டாயமே இல்ல. கீறலுக்காகச் சொல்றீங்கன்னா அதை இந்த நிமிஷமே மறந்துடுங்க. நானே பத்து தடவை விழுந்திருக்கேன். வண்டியை அப்படியே வச்சுட்டு வீட்டுக்குப் போனாலும் நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்."

ஷேடு உள்ளுக்குள் சிரித்துக்கொண்டார். ஆழம் பார்க்கிறார். பேரல் சறுக்கி விழுந்தது சரியாக இந்த இடத்தில்தான்.

"அப்படியெல்லாம் இல்ல சார். மனசார வாங்குறேன்."

"இந்தப் பணம் கையை விட்டுப் போனா வீட்டுல சிரமம் இருக்காதா? உண்மையைச் சொல்லுங்க. உங்களைக் கெஞ்சிக் கேக்குறேன், உண்மையை மட்டும் சொல்லுங்க."

"இதெல்லாம் ஒரு பணமா சார்?" என்று ஷேடு சிரித்தார். சிரிப்பு கொஞ்சம் பெரிதாகவே வந்துவிட்டது. "சும்மா தூங்குற காசு. வண்டியா மாறினா உடம்புக்காவது ஆகும்."

போனை எடுத்தார். கிரீஸ் விரலில் ரகசிய எண் இரண்டு முறை தப்பியது. மூன்றாவது முறை மகளின் ஹாஸ்டல் பணம் சின்னதாக ஒரு மணிச் சத்தத்தோடு மேலாளரின் கணக்குக்குப் போய்ச் சேர்ந்தது.

மேலாளர் எழுந்து ஷேடுவின் கிரீஸ் படிந்த இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். அவர் கண் கலங்கியிருந்தது. இத்தனை நாள் ஓட்டிய வண்டி, பிரிகிற வருத்தம் இருக்கத்தானே செய்யும் என்று ஷேடு நினைத்தார். பாவமாகக்கூட இருந்தது.

"கவலைப்படாதீங்க சார். என்கிட்ட பத்திரமா இருக்கும்."

"எவ்வளவு பெரிய பாரத்தை இறக்கி வச்சிருக்கீங்கன்னு உங்களுக்குத் தெரியாது" என்றார் மேலாளர். குரல் உடைந்திருந்தது. "உக்காருங்க. அந்தக் காயத்துக்கு மருந்து போடச் சொல்றேன். எனக்கு ஒரு சின்ன எழுத்து வேலை பாக்கி இருக்கு, முடிச்சுட்டு வந்துடுறேன்."

அவர் உள்ளே போனதும் ஷேடு மனைவிக்குப் போன் செய்தார்.

"வாங்கிட்டேன்."

அந்தப் பக்கம் பாத்திரம் ஒன்று எங்கேயோ வைக்கப்பட்டது. "அப்போ வேலை?"

"உறுதி. கையைப் பிடிச்சுக்கிட்டுக் கண்கலங்கிட்டார்டி மனுஷன். பாரத்தை இறக்கி வச்சுட்டீங்கன்னு சொல்றார்."

அவள் அழுகிற சத்தம் கேட்டது. கோபத்தில் அழுகிறாளோ என்று முதலில் பயந்தார். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு பேசினாள். "சரி விடுங்க. ஹாஸ்டலுக்குச் சம்பளத்துல முன்பணம் கேட்டுக்கலாம். வேலை இருந்தா எதை வேணா சமாளிச்சுடலாம். அடி கிடி எதுவும் படலையே?"

"ஒரு கீறல்கூட இல்ல."

போனை வைத்துவிட்டு ஷேடு படியில் சாய்ந்து உட்கார்ந்தார். மூன்று வாரத்துக்குப் பிறகு முதல் முறையாக மூச்சு முழுசாக உள்ளே போய் முழுசாக வெளியே வந்தது. எதிரே வெயிலில் சைக்கிள் நின்றது. உரசிய தடத்தைத் தவிர்த்துப் பார்த்தால் பூசிய பச்சை எது, பழைய பச்சை எது என்று யாராலும் சொல்ல முடியாது. அவருக்கு அந்தக் கணத்தில் அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

மேலாளரின் மனைவி ஒரு கையில் டீயும் மறு கையில் பஞ்சும் மருந்துமாக வந்தார். படியிலேயே உட்கார்ந்து முட்டியைத் துடைக்க ஆரம்பித்தார்.

"எரியுதா?"

"இல்லைங்க. சார் என்ன பண்றார்?"

"உள்ள மேஜையில உக்காந்து எழுதிக்கிட்டிருக்கார். இப்பத்தான் அவர் முகமே தெளிஞ்சிருக்கு. வண்டியை எடுத்தது நீங்கன்னு கேட்டதும் எனக்கும் அப்பாடான்னு இருந்துச்சுங்க. நேத்து ஒருத்தர் வந்தார், குண்டா. பாவம், கஷ்டத்தையெல்லாம் சொல்லி அழுதுட்டுப் போனார். அவரை நினைச்சு நினைச்சு இவர் நேத்துச் சாப்பிடவே இல்ல."

"ஆமாங்க, அவனுக்கு ரொம்பச் சிரமம்" என்றார் ஷேடு, தாராளமாக. பேரலுக்காக உண்மையிலேயே வருத்தப்பட இப்போது அவருக்கு வசதி இருந்தது. டீயை ஒரு வாய் குடித்தார். "ஆனா சார் ஏன் இந்த நேரத்துல போய் வண்டியை விக்கிறார்? ஆசையா வச்சிருந்ததாச்சே."

மேலாளரின் மனைவி கட்டுக்கு முடிச்சுப் போட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"அவருக்கு விக்கணும்னு ஆசையா என்ன, மூணு வாரமா அந்த ஆறாவது பேரை எழுதக் கை வராமத் தவிச்சார், அப்புறம்தான் 'இந்த நேரத்துலயும் இவ்வளவு பணம் போட்டு இதை வாங்குறவன் எவனோ, அவன்தான் வேலை போனாலும் தாங்குவான்'னு சொல்லி அந்த அறிவிப்பையே ஒட்டினார்."